காடிலாக்கும் தராசும்

வசந்தம் பிறந்து, சாலையில் தூவிய பனிக்கால உப்பை நாலு மழை கழுவிவிட்டால், நம் வெஸ்ட் வின்ட்சரில் கராஜ் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். உள்ளே அடைந்து கிடந்தவை வெளியே வரும். பழைய நாற்காலிகள், குழந்தைகள் விட்ட சைக்கிள்கள், எப்போதாவது ஒரு முறை, துணி போர்த்தி வைத்திருந்த ஒரு பெரிய பழைய கார். கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்று ஓர் அட்டை, கீழே ஒரு தொலைபேசி எண்.

கோவில் சங்கத்தின் மடலில் பழைய காருக்கு என்ன வேலை என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். காரைப் பற்றி எழுத நாம் வரவில்லை. அந்த அட்டைக்கு இப்புறம் ஒருவரும் அப்புறம் ஒருவரும் நிற்கிறார்களே, அவர்களைப் பற்றி எழுத வந்தோம். இருவரில் ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாது. தெரிந்தவர் தெரியாதவரிடம் எவ்வளவு சொல்லக் கடமைப்பட்டவர்? இதுவே நம் கேள்வி. வீடு விற்கும்போதும், நகை மாற்றும்போதும், கடையைக் கைமாற்றும்போதும் இதே கேள்விதான் எழுகிறது. பழைய காரில் அது கொஞ்சம் பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவே.

வண்டியும் நம் வட்டாரமும்

1950களின் அமெரிக்கச் சொகுசுக் கார் என்றால் பலர் மனத்தில் எழும் உருவம் காடிலாக். 1948ல் அதன் பின்புறத்தில் சிறு துடுப்புப் போன்ற இரண்டு மேடுகள் முளைத்தன. இரட்டை வால் கொண்ட பி-38 போர் விமானத்தைப் பார்த்து, ஜெனரல் மோட்டார்ஸ் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்லும் அவருடைய குழுவினரும் கொண்டுவந்த யோசனை அது. ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து 1959ல் அந்தத் துடுப்புகள் உச்சத்தை எட்டின. அந்த ஆண்டின் கார் 225 அங்குல நீளம், ஏறக்குறைய 19 அடி. இன்றைய வீடுகளின் கராஜில் அதை நிறுத்திக் கதவை மூடுவதே ஒரு வித்தை.

அந்த 1959ஆம் ஆண்டு வரிசையில் எல்டொராடோ பியாரிட்ஸ் என்று மேல்துணி மடக்கும் மாடல் ஒன்று இருந்தது. விலை 7,401 டாலர். அன்றைய நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் ஓராண்டு வருமானத்தைவிட அது அதிகம். செய்யப்பட்டவை மொத்தம் 1,320 மட்டுமே. அதே ஆண்டின் சாதாரண நான்கு கதவுக் காடிலாக்குகளோ பல்லாயிரக்கணக்கில் வெளிவந்தன. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் துடுப்பு வைத்த பெரிய பழைய கார்தான். ஆனால் நன்றாகப் பேணப்பட்ட பியாரிட்ஸ் ஒன்று ஏலங்களில் ஒரு லட்சம் டாலரைத் தாண்டி விலைபோயிருக்கிறது. சாதாரண செடான் அந்த விலையின் அருகில்கூட வராது. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் தேவைப்படும்.

இந்த வண்டிகளுக்கும் நம் மெர்சர் கவுண்டிக்கும் ஓர் உறவு உண்டு. பக்கத்து யூவிங்கில் 1938ல் திறக்கப்பட்ட ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில், அந்நிறுவனத்தின் கார்களுக்கான கைப்பிடி, தாழ்ப்பாள் போன்ற உலோகச் சாமான்கள் செய்யப்பட்டன. உலகப்போர்க் காலத்தில் அதே ஆலையில் அவெஞ்சர் என்னும் போர் விமானங்கள் தயாராயின. 1998ல் ஆலை மூடப்பட்டது. இன்று நம்மவர் கடைகள் வரிசையாக நிற்கும் எடிசனில், 1948ல் லிங்கன், மெர்க்குரி கார்களுக்காக ஃபோர்டு ஓர் ஆலை திறந்தது. அது 2004ல் மூடப்பட்டது. ஆகவே நம் அண்டை வீட்டு முதியவர் தம் பழைய காரைத் தடவிக்கொடுக்கிறார் என்றால், அது வெறும் ஆடம்பர ஆசை என்று எண்ணிவிடக் கூடாது. அவரோ அவர் தந்தையோ அந்தச் சாமான்களைக் கையால் செய்தவராக இருக்கக்கூடும்.

நம் ஊருக்கும் இவை அந்நியமல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் பம்பாயில் கார்களைப் பூட்டத் தொடங்கி 1954ல் நிறுத்தியது. தென்னாட்டில் அந்த வண்டிகளை விற்றவர்கள் மதுரை டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனத்தார். காரைப் 'பிளஷர்' என்றே அழைத்த பாட்டிமார் நம்மில் பலருக்கு உண்டு. இன்பத்துக்காக மட்டும் ஓட்டுகிற வண்டி என்று பெயரிலேயே ஒத்துக்கொண்ட நேர்மை அந்தச் சொல்லில் இருந்தது.

ஒரு வழக்கு

இப்போது ஒரு வழக்கை வைத்துக்கொள்வோம். இது நாம் கட்டிய கதை. யாரையும் குறிப்பதல்ல.

நம் தெருவில் எண்பது வயது தாண்டிய ஒரு மூதாட்டி. கணவர் காலமாகி ஓராண்டு. வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்குப் போகப்போகிறார். கராஜில் கணவரின் பழைய காடிலாக் இருபது ஆண்டாக ஓடாமல் நிற்கிறது. "நாலாயிரம் கொடுத்தால் போதும், எடுத்துக்கொண்டு போங்கள்" என்கிறார். பார்க்கப் போனவர் நம்மவர், ஓர் இளைஞர். பழைய கார்களைப் பற்றிச் சிறுவயது முதல் படித்துவருபவர். போர்வையை விலக்கியதும் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. அது பியாரிட்ஸ். மூதாட்டிக்கு அது தெரியாது. அவர் என்ன செய்ய வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் கோவில் கீழ்க்கூடத்தில் இலை போட்டுச் சாப்பிடும்போது இதைக் கேட்டுப் பாருங்கள். இலைக்கு ஒரு தீர்ப்பு வரும்.

"அண்ணா, இதுல என்ன தப்பு? விலையை அவங்கதானே சொன்னாங்க? நான் ஏமாத்தலையே. பத்து வருஷம் ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சது என் உழைப்பு. அதுக்குக் கூலி வேண்டாமா?" என்பார் இளைஞர் ஒருவர்.

"முழு விலையையும் கொடுத்துட்டுத்தான் எடுக்கணும்" என்பார் பெரியவர் ஒருவர்.

பாயசம் பரிமாறிக்கொண்டே ஒரு மாமி கேட்பார்: "ஏம்ப்பா, வாங்கிட்டுப் போன அடுத்த வாரம் அந்த அம்மாவைக் கடையில பாத்தா நின்னு பேசுவியா, இல்ல வேற வரிசைக்கு நழுவிடுவியா?"

மூன்றிலும் ஏதோ ஒரு நியாயம் இருக்கிறது. எது எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்ப்போம்.

சட்டம் சொன்னது

இளைஞரின் கட்சியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்க உச்ச நீதிமன்றமே அவர் பக்கம் ஓரளவு நின்றிருக்கிறது. 1815 பிப்ரவரி மாதம். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போரால் நியூ ஆர்லியன்ஸ் துறைமுகம் அடைபட்டு, புகையிலை விலை விழுந்து கிடந்தது. சமாதான உடன்படிக்கை கையெழுத்தான செய்தி ஓர் இரவில் சிலர் காதுக்கு மட்டும் எட்டியது. அவர்களில் ஒருவர் ஆர்கன் என்னும் வணிகர். ஞாயிறு விடியற்காலையில் லெய்ட்லா நிறுவனத்தாரிடம் 111 பெரிய பீப்பாய்ப் புகையிலையை அன்றைய விலைக்கு வாங்கினார். சற்று நேரத்தில் செய்தி ஊரெங்கும் பரவ, விலை 30 முதல் 50 சதவீதம் வரை ஏறியது. விற்றவர்கள் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ள, வழக்கு 1817ல் உச்ச நீதிமன்றம் வந்தது.

தலைமை நீதிபதி ஜான் மார்ஷலின் தீர்ப்பு ஒரு பத்திக்கு மேல் இல்லை. இருவரும் முயன்றால் அறியக்கூடிய வெளிச் செய்தியை, வாங்குபவர் தாமாகப் போய்ச் சொல்லக் கடமைப்பட்டவரல்லர் என்றார். இளைஞருக்கு இது போதும். ஆனால் அதே மூச்சில் மார்ஷல் இன்னொன்றும் சேர்த்தார். மற்றவரைத் தவறாக எண்ணவைக்கும் எதையும் சொல்லவோ செய்யவோ கூடாது, இருவருமே அதில் கவனமாக இருக்க வேண்டும் என்பது அது. பேரம் நடந்த காலையில் விற்பவர் தரப்பில் ஒருவர், "விலையைப் பாதிக்கும் செய்தி ஏதும் உண்டா?" என்று கேட்டிருந்தார். அப்போது ஏமாற்று ஏதும் நடந்ததா என்பதை ஜூரியே முடிவுசெய்ய வேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார் மார்ஷல்.

நம் மூதாட்டியின் கராஜுக்கு இதைக் கொண்டுவருவோம். அவர் காப்பி கொண்டுவந்து வைத்து, "இந்த விலை சரிதானே, தம்பி?" என்கிற பாவனையில் ஒரு வார்த்தை கேட்டாலே போதும். அதற்குப் பின் மௌனம் மௌனமாக இராது. தலையாட்டினாலும் பொய், சிரித்து மழுப்பினாலும் பொய். உலகத்தில் பெரும்பாலான விற்பவர்கள் அந்தக் கேள்வியை ஏதோ ஒரு வடிவில் கேட்டுவிடுகிறார்கள். ஆகவே 'சொல்லாமல் இருந்தேன், பொய் சொல்லவில்லை' என்னும் நிலம் நாம் நினைப்பதைவிட மிகக் குறுகியது.

முன்னோர் சொன்னது

இந்த விவாதம் மிகப் பழையது. கி.மு. 44ல் ரோமாபுரி அறிஞர் சிசரோ தம் மகனுக்காக எழுதிய 'கடமைகள்' என்னும் நூலில் ஒரு வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்சாந்திரியாவிலிருந்து தானியக் கப்பலோடு ஒரு வணிகன் வருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்குத் தெரியும், ஊராருக்குத் தெரியாது. சொன்னால் விலை விழும். டயோஜெனிஸ் என்னும் ஞானி, சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும் என்றார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர், எல்லாவற்றையும் சொல்லியே ஆக வேண்டும் என்றார். சிசரோ மாணவர் பக்கம் சாய்ந்தார். அறிந்த எல்லாவற்றையும் எல்லாரிடமும் கொட்டுவது கடமையாகாது, ஆனால் மற்றவர் அறிந்தால் அவருக்கு நன்மை என்று தெரிந்தே, நம் லாபத்துக்காக மறைப்பது வேறு என்பது அவர் வாதம்.

அதே நூலில் நம் வழக்குக்கு இன்னும் நெருங்கிய ஒரு செய்தி உண்டு. ஸ்கேவோலா என்பவர் ஒரு நிலம் வாங்கப் போனார். ஒரே விலையாகச் சொல்லும்படி கேட்டார். விற்பவர் சொன்னார். "இதன் மதிப்பு அதைவிட அதிகம்" என்று கூறி, ஒரு லட்சம் செஸ்டர்ஸ் கூட்டிக் கொடுத்தார் ஸ்கேவோலா. இது நல்லவன் செயல் என்று எல்லாரும் ஒத்துக்கொள்வார்கள், ஆனால் கெட்டிக்காரன் செயல் என்று சொல்லமாட்டார்கள் என்கிறார் சிசரோ. நல்லவனையும் கெட்டிக்காரனையும் இரண்டு ஆட்களாகப் பிரித்ததுதான் உலகத்துக்கு வந்த கேடு என்பது அவர் வருத்தம். இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின்னும் நம் வீடுகளில் அந்தப் பிரிவினை நடக்கிறது. 'நல்ல பையன்தான், ஆனா பிழைக்கத் தெரியாதவன்' என்ற வாக்கியத்தைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை உண்டோ?

நம்மிடத்தில் வள்ளுவர் வணிகத்தைப் பற்றிப் பேசுவது நடுவு நிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில். பிறர் பொருளுக்கும் தன் பொருளுக்குக் காட்டும் பரிவையே காட்டுவதுதான் வணிகம் என்பது அதன் சாரம். அதற்கு உரை எழுதிய பரிமேலழகர் விற்பவனோடு நிற்கவில்லை. கொள்ளும்போது கூடுதலாகக் கொள்வதையும் குற்றமாகவே வைத்தார். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் பட்டினப்பாலை புகழ்வதும் இந்த இருபக்க நேர்மைக்காகவே. 'விற்பவன் உண்மை சொல்லட்டும், வாங்குபவன் பாடு வேறு' என்ற எண்ணத்துக்கு நம் மரபில் இடமில்லை.

மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் துலாதரன் கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். ஜாஜலி என்னும் தவசி அசையாமல் நின்று, தலைமுடியில் குருவிகள் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும்வரை தவம் செய்தார். 'நானே தருமம் அறிந்தவன்' என்று அவர் எண்ணியபோது, காசியில் கடை வைத்திருக்கும் துலாதரனுக்கு நீ இணையல்ல என்று ஒரு குரல் கேட்டது. போய்ப் பார்த்தால் துலாதரன் தராசும் கையுமாக வாசனைப் பொருள்கள் விற்றுக்கொண்டிருக்கிறான். அவனுடைய தவம் என்ன? எல்லா உயிர்க்கும் தன் தராசு ஒன்றே என்பதுதான். பெயரிலேயே துலாக்கோலைத் தாங்கியவன். காட்டில் நின்றவர் கடையில் நின்றவனிடம் பாடம் கேட்டார்.

எவ்வளவு சொன்னால் போதும்?

அப்படியானால் இளைஞர் ஒரு லட்சமும் கொடுத்துத்தான் எடுக்க வேண்டுமா? பெரியவரின் தீர்ப்பு அது. நமக்கு அது சற்றுக் கூடுதலாகப் படுகிறது. காரணம் சொல்கிறோம்.

அந்த வண்டி இன்று நிற்கும் நிலையில் ஒரு லட்சம் பெறாது. இருபதாண்டு நின்ற எஞ்சின் இறுகியிருக்கலாம். தரைத்தகடு துருவேறியிருக்கலாம். அதைச் செப்பம் செய்வதற்குப் பல ஆண்டு உழைப்பும் பெரும் பணமும் ஆகும். அந்தத் துணிச்சலுக்கும் உழைப்புக்கும் கூலி உண்டு. படித்து அறிந்ததற்கும் உண்டு. அறிவுக்குக் கூலியே இல்லை என்றால், யாரும் எதையும் தேடிப் படிக்கமாட்டார்கள். பழைய புத்தகக் கடையில் அரிய பதிப்பொன்றைக் கண்டெடுப்பவரிடம் நாம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கடைக்காரரும் அந்தத் தொழிலிலேயே இருப்பவர், அவர் விலை வைத்தது அவர் பொறுப்பு.

ஆனால் மூதாட்டி கடைக்காரர் அல்லர். வாழ்நாளில் ஒரு முறை, ஒரே ஒரு பொருளை விற்கிறார், அதுவும் துக்கத்தின் நடுவில். வந்தவரை அவர் வியாபாரியாகவும் பார்க்கவில்லை, தெருவில் தினம் கையசைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகப் பார்த்தார். அந்த நம்பிக்கை இருந்ததால்தான் வேறு யாரிடமும் விசாரிக்கவில்லை. இங்கே இளைஞருக்குக் கிடைக்கும் லாபத்தில் ஒரு பகுதி அவர் படிப்பால் வருவது, பெரும்பகுதி அவர் மேல் அந்த அம்மாள் வைத்த நம்பிக்கையால் வருவது. படிப்புக்குக் கூலி கேட்கலாம். நம்பிக்கையைக் கூலியாக எடுத்துக்கொள்ள முடியாது, அது அந்த அம்மாளுடையது.

ஆகவே நாம் சொல்லும் வழி நடுவில் இருக்கிறது. பேரத்துக்கு முன் ஒரு வாக்கியம் சொல்லிவிட வேண்டும்: "அம்மா, இது சாதாரண மாடல் இல்லை. நீங்கள் நினைப்பதைவிடப் பல மடங்கு பெறும். மதிப்புப் போடுபவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, பிறகு விலை சொல்லுங்கள். எனக்கும் வாங்க ஆசை உண்டு." இவ்வளவு போதும். அதன் பின் அவர் கூடுதல் விலை கேட்கலாம். வேறொருவருக்கு விற்கலாம். 'நீ உண்மை சொன்னாய், நீயே எடுத்துக்கொள்' என்று சொன்ன விலைக்கே கொடுத்தாலும் கொடுக்கலாம். அந்த மூன்றாவதை எதிர்பார்த்து உண்மை சொல்வது அறமாகாது. முதல் இரண்டும் நடக்கும் என்று தெரிந்தே சொல்வதுதான் அறம். கனவு கண்ட வண்டி கைவிட்டுப் போகலாம். அது நிஜமான நஷ்டம். அதை நாம் சிறிதாக்கிப் பேசவில்லை.

நாம் விற்கும்போது

இனி அட்டைக்கு மறுபுறம் வருவோம். நாமே விற்பவர் என்றால்?

சட்டம் இங்கே மெல்லிய வேலிதான். நியூ ஜெர்ஸியின் பழைய கார் 'லெமன்' சட்டம் வியாபாரிகள் விற்கும் கார்களுக்கு உரியது. அதிலும் ஏழு ஆண்டைத் தாண்டிய வண்டிக்கும் ஒரு லட்சம் மைல் ஓடிய வண்டிக்கும் அது பொருந்தாது. வீட்டு வாசலில் ஒருவர் இன்னொருவருக்கு விற்கும் பழைய கார் 'உள்ளது உள்ளபடி' என்ற கணக்கில் போய்விடும். ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்வது பெரும்பாலும் நம் மனசாட்சியின் கையில்.

மைல் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1950களின் கார்களில் மைல்மானி ஐந்து இலக்கத்தோடு நின்றுவிடும். 99,999க்குப் பிறகு மீண்டும் பூஜ்யம். பலகையில் 42,000 என்றிருந்தால் அது 42,000ஆகவும் இருக்கலாம், 1,42,000ஆகவும் இருக்கலாம். எண்ணைத் திருப்பி வைப்பது கூட்டாட்சிச் சட்டப்படி 1972 முதல் குற்றம். இங்கே யாரும் திருப்பவில்லை, சக்கரம் தானே சுற்றி வந்தது. 'நீங்களே பாருங்கள், 42,000 மைல்தான்' என்று பலகையைக் காட்டினால் ஒரு சொல்லும் பொய் இல்லை, சொன்னது முழுவதும் பொய்.

அடுத்தது துரு. நம் ஊர்ப் பட்டறைகளில் டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடிப்பார்கள். நல்ல கைவேலைக்காரர் செய்தால் கண்ணுக்குத் தெரியாது. விவரம் அறிந்தவர்கள் ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவின் அடிப்புறம் வைத்துப் பார்ப்பார்கள். தகடு இருந்தால் ஒட்டும், பட்டி இருந்தால் விழும். இந்த நாட்டின் வடகிழக்கில் பனிக்கால உப்பு தின்ற வண்டிகளுக்கு இது முதல் சோதனை. பட்டி பார்ப்பது பாவமில்லை. காந்தம் கொண்டுவரத் தெரியாதவரிடம் பட்டியைப் பற்றி வாய் திறக்காதிருப்பதில்தான் சிக்கல். பிரேக் குழாயும் சட்டமும் துருவேறியிருந்தால் அது பணத்தோடு நிற்காது, உயிர் சம்பந்தப்பட்டது. அங்கே மௌனத்துக்கு எந்த ஞானியும் அனுமதி தரமாட்டார், டயோஜெனிஸ் உட்பட.

'அசல்' என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். திருவாரூர்த் தேர் 1926ல் தீக்கிரையானது. பிறகு புதிதாகச் செய்தார்கள். அதை ஆழித்தேர் என்றே கும்பிடுகிறோம், அதில் யாருக்கும் ஏமாற்றமில்லை, ஏனென்றால் எரிந்ததும் செய்ததும் எல்லாரும் அறிந்தது. எஞ்சின் மாற்றிய காரும் நல்ல கார்தான். மாற்றியதைச் சொல்லிவிட்டால் அது அதன் வரலாறு, சொல்லாவிட்டால் அதுவே வஞ்சனை. புதுப்பித்தல் எங்கும் நடக்கும். மறைத்தல்தான் அதைக் கெடுக்கிறது.

இரண்டு தராசு

இவ்வளவு எழுதியதும் உண்மையில் நாம் வர விரும்பிய இடம் ஒன்றே. அது சற்றுச் சங்கடமான இடம்.

நம் குடும்பங்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள். கோவிலில் தெரிந்த குடும்பத்துக்குக் கார் விற்றால், 'டிரான்ஸ்மிஷன் கொஞ்சம் இழுக்கிறது, குளிரில் ஸ்டார்ட் ஆக நேரமாகும்' என்று கேட்காமலே சொல்கிறோம். அதே கார் விளம்பரம் பார்த்து வந்த முகம் தெரியாதவருக்கு என்றால், அந்த வாய் சற்றே மூடிக்கொள்கிறது. 'அவங்க மெக்கானிக் வச்சுப் பாத்துக்கட்டும்' என்ற பேச்சு வருகிறது. நம்மவருக்கு ஒரு தராசு, ஊராருக்கு ஒரு தராசு. துலாதரன் கடையில் இருந்தது ஒன்றுதான்.

இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுவதுண்டு. உறவுக்குக் கூடுதல் கடமை இயல்புதானே, அண்ணன் தம்பிக்குச் செய்வதை ஊருக்கெல்லாம் செய்ய முடியுமா என்பார்கள். உதவியில் அது சரி. தம்பிக்குக் கார் சும்மாவே கொடுக்கலாம், ஊராருக்குக் கொடுக்க வேண்டியதில்லை. விலையைக் குறைப்பது பரிவு, அதை வேண்டியவர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். உண்மையைக் குறைப்பது வேறு. பிரேக்கின் நிலை தமிழருக்கு ஒன்று, பிறருக்கு ஒன்று என்று இல்லை.

எதிர்ப்புறமும் ஒரு தராசு உண்டு. நம்மவர் என்ற காரணத்தாலேயே காந்தம் எடுத்துவர வெட்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். புதிதாக வந்த இளம் தம்பதி, "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சாவியை வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் கேள்வி கேட்காததை வாய்ப்பாக எடுப்பது முன்னதைவிட மோசம். கேள்வி கேட்காதவரிடம் சொல்ல வேண்டியது கூடுகிறதே தவிரக் குறைவதில்லை.

இந்த நாட்டில் யாரிடம் எந்தத் தராசு வைப்பது என்பதை இதே காடிலாக்கின் வரலாறு ஒரு முறை கேட்டிருக்கிறது. 1930களின் தொடக்கத்தில் காடிலாக் நிறுவனம் கறுப்பின மக்களுக்குக் கார் விற்பதில்லை என்ற கொள்கையோடு இருந்தது. வாங்க வசதியிருந்த கறுப்பின மருத்துவர்களும் குத்துச்சண்டை வீரர்களும் ஒரு வெள்ளையருக்குக் காசு கொடுத்து, அவர் பெயரில் வாங்க வைத்தார்கள். நிகோலஸ் டிரேஷ்டாட் என்னும் அதிகாரி மேலிடத்தில் வாதாடி அதை மாற்றினார் என்றும், விற்பனை உயர்ந்து காடிலாக் பிழைத்தது என்றும் பீட்டர் டிரக்கர் எழுதியிருக்கிறார். அவர் வாதாடியது லாபத்துக்காகவே. ஆனாலும் ஒரே காருக்கு இருவேறு வாடிக்கையாளர் முறை என்பது எவ்வளவு கேவலமானது என்பதை அந்தக் கதை காட்டுகிறது. தோலின் நிறம் பார்த்து வேறு தராசு எடுப்பதை நாம் கண்டிக்கிறோம். மொழியும் ஊரும் பார்த்து வேறு தராசு எடுப்பதும் அதன் தம்பிதான்.

பின்சீட்டில் ஒரு சாட்சி

இதெல்லாம் வெறும் கார் விஷயம் என்று சிலர் நினைக்கலாம். நம் பிள்ளைகள் நினைக்கமாட்டார்கள். ஞாயிறு வகுப்பில் வாய்மை அதிகாரத்தை மனப்பாடம் செய்யும் பிள்ளை, சனிக்கிழமை வாசலில் நின்று நாம் கார் விற்பதையும் பார்க்கிறது. வாங்க வந்தவர் கேட்பதை அந்தப் பிள்ளைக்கு மொழிபெயர்க்கத் தேவையில்லை. நம்மைவிட நன்றாகவே புரியும். வகுப்பில் கேட்டதும் வாசலில் கண்டதும் வேறாக இருந்தால், எது நிஜம் என்பதை அது கண்டதை வைத்தே முடிவுசெய்யும். அப்புறம் எத்தனை ஆண்டு விழாவில் மேடையேற்றினாலும் அந்த முடிவு மாறுவது கடினம்.

எனவே விற்பதற்கும் வாங்குவதற்கும் முன் மூன்று கேள்விகளை நமக்குள் கேட்டுக்கொள்ளலாம் என்று தோன்றுகிறது. எனக்குத் தெரிந்த இது அவருக்கும் தெரிந்தால் இந்த விலைக்குச் சம்மதிப்பாரா? சம்மதிக்கமாட்டார் என்றால், அந்த லாபம் என் உழைப்பிலிருந்து வருகிறதா, அவர் நம்பிக்கையிலிருந்து வருகிறதா? இவர் இடத்தில் நம் கோவில் குடும்பத்தார் ஒருவர் நின்றால் நான் வேறு மாதிரி பேசுவேனா? இவற்றுக்குச் சங்கடமில்லாமல் பதில் சொல்ல முடிந்தால், கீழ்க்கூடத்து மாமியின் கேள்வி நம்மைத் தொடாது. கடையில் யாரைக் கண்டாலும் நின்று பேசலாம்.

இதில் எல்லாரும் ஒத்துப்போக வேண்டும் என்றில்லை. வாங்குபவர் வாய் திறக்கவே வேண்டியதில்லை என்று கருதும் அன்பர்கள் இருப்பார்கள். நியாயமான காரணங்களோடு எழுதி அனுப்புங்கள், அடுத்த மடலில் வெளியிடுவோம். கராஜில் பழைய வண்டி வைத்திருப்பவர்களும் எழுதலாம். மைல்மானி எத்தனை முறை சுற்றியது என்பதையும் சேர்த்து.